கொரோனரிடம் போன மரணம்: உடல் எப்போது கிடைக்கும், குடும்பம் என்ன கேட்கலாம்?

தென்மராட்சியான்

வணக்கம். கிழக்கு லண்டனில் இருக்கிற ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். இறந்தவருக்கு 57 வயது. நெஞ்சு நோவென்று வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போனவரைச் சில மணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியப்புறம் வீட்டிலேயே மூச்சு நின்றுவிட்டது. அம்புலன்சுக்குப் பின்னால் பொலிசும் வந்தது. மருந்துகளையும் உடலையும் கொண்டுபோய்விட்டார்கள். "கொரோனரிடம் போயிருக்கிறது" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்கிறார்கள் இல்லை.

போஸ்ட்மோட்டம் வேண்டாம் என்று மனைவி சொல்கிறார், மறுக்க முடியுமா? தகனத்துக்கு எப்போது நாள் குறிக்கலாம்? 31ஆம் நாள் கிரியைக்குள் எல்லாம் முடியுமா? மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கி, வீட்டுக் கடன் எல்லாம் எப்படிப் பார்ப்பது? வைத்தியசாலையில் பிழை நடந்ததா என்பதைக் கொரோனர் சொல்வாரா? தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கள்.

கீரிமலை

பொலிஸ் வந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று இறந்தவரின் மனைவியான அக்காவிடம் சொல்லுங்கள். வீட்டில் எதிர்பாராமல் நடக்கிற மரணத்துக்கு இங்கே வழக்கமாகப் பொலிஸ் வரும். மரணக் காரணத்தை விசாரிக்கிற அதிகாரியான கொரோனருக்காகத்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வகை மரணங்களைக் கொரோனர் விசாரித்தே ஆக வேண்டும்: வன்முறையாலோ இயற்கைக்கு மாறாகவோ நடந்தவை, காரணம் தெரியாதவை, சிறையிலோ அரசின் வேறு காவலிலோ நடந்தவை. இது இரண்டாவது வகை. வைத்தியசாலை பற்றிய கேள்வியும் இருப்பதால் முதலாவது வகைக்குள்ளும் வரலாம். (ஸ்கொட்லாந்தில் கொரோனரே கிடையாது, புரொக்கியூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரச வழக்கறிஞர்தான் பார்ப்பார். அங்கிருந்து யாராவது வாசித்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இனி நீங்கள் கதைக்கப்போவது கொரோனரோடு அல்ல, அவருக்காக வேலை செய்கிற கொரோனர் ஒஃபிசரோடு. அவருடைய பெயர், நேரடித் தொலைபேசி, மின்னஞ்சல், கோப்பு எண் நான்கையும் இன்றைக்கே வாங்குங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் தொடர்பில் இருக்கட்டும். ஐந்து பேர் ஐந்து விதமாக எடுத்தால் ஒஃபிசர் யாருக்குப் பதில் சொல்வது?

அந்த ஒருவர் யார் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டத்தில் "இன்ட்ரெஸ்டட் பேர்சன்", அதாவது அக்கறையுள்ள தரப்பினர், என்று ஒரு பட்டியல் உண்டு. கணவன் மனைவி, துணை, பெற்றோர், பிள்ளை, சகோதரர், பேரன் பேத்தி, தாத்தா பாட்டி, சகோதரரின் பிள்ளை எல்லாம் அதில் வரும். மகளைக் கட்டியவர் வரமாட்டார். நாங்கள் தமிழில் இரண்டு பேரையும் "மருமகன்" என்றுதான் சொல்வோம். இறந்தவரின் தங்கச்சியின் மகன் என்றால் அவருக்கு உரிமையாகவே ஆவணமும் கேள்வியும் உண்டு. மகளின் கணவன் என்றால் மனைவியோ மகளோ "எங்களுக்காக இவர் கதைப்பார்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர் என்று மருமகனை முன்னுக்கு விட்டுவிட்டு, பிறகு "உங்களுக்கு இதைத் தர முடியாது" என்று கேட்டுத் திகைப்பது இதனால்தான்.

போஸ்ட்மோட்டத்துக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. கொரோனர் உத்தரவிட்டால் நடக்கும். ஆனால் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம், அதை அவர் கேட்டே ஆக வேண்டும். "சமயக் காரணத்தால் உடலைத் திறப்பதை எதிர்க்கிறோம், முதலில் சி.டி. ஸ்கேன் செய்ய முடியுமா" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் அழுது சொன்னது கோப்பில் இருக்காது. ஸ்கேன் சில மாவட்டங்களில் இலவசம், சிலவற்றில் குடும்பம் கட்ட வேண்டும், சிலவற்றில் வசதியே இல்லை. 2015இல் உயர்நீதிமன்றம் ஒரு யூதக் குடும்பத்தின் வழக்கில், உடலைத் திறக்காமலே காரணம் தெரியக்கூடிய வழி இருக்கும்போது சமய ஆட்சேபத்துக்குக் கொரோனர் உரிய இடம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

பன்னாடை

கீரிமலை சொன்னது சரி, ஆனால் இந்த மரணத்தில் ஸ்கேன் கேட்பதற்கு முன் குடும்பம் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

உடைந்த எலும்பு, மூளையில் இரத்தக் கசிவு, கிழிந்த பெருநாடி போன்றவை ஸ்கேனில் நன்றாகத் தெரியும். நுரையீரல் நாளத்தில் அடைத்த இரத்தக்கட்டி சாதாரண ஸ்கேனில் எளிதில் தவறிப்போகும், ஏனென்றால் இறந்தபின் உறைகிற இரத்தமும் படத்தில் அதேபோலத்தான் இருக்கும். நெஞ்சு நோவோடு திருப்பி அனுப்பப்பட்டவர் என்றால் கேள்வியே அதுதானே: மாரடைப்பா, பெருநாடிக் கிழிவா, இரத்தக்கட்டியா? ஸ்கேனில் "இதய நாளத்தில் சுண்ணாம்புப் படிவு, அனேகமாக இதயநோய்" என்று வந்து, அதையே காரணமாக எழுதிவிட்டால், வைத்தியசாலை எதைத் தவறவிட்டது என்று கேட்க ஆதாரம் மிஞ்சாது. உடலைத் திறக்காமல் விடுவதும் உண்மையை முழுதாக அறிவதும் சில வேளைகளில் ஒன்றாக வராது. அதை மனைவி, பிள்ளைகள் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். மற்றவர்கள் இதில் அவசரப்படுத்தக் கூடாது.

போஸ்ட்மோட்டம் எங்கே, எப்போது நடக்கும் என்பதை நெருங்கிய உறவினருக்குச் சொல்ல வேண்டும். குடும்பம் தன் சார்பில் ஒரு வைத்தியரை அங்கே நிற்க வைக்கலாம், செலவு குடும்பத்துடையது. பொதுவாக யாரும் இதைப் பாவிப்பதில்லை. அதைவிடப் பயனுள்ளது, பரிசோதனைக்கு முன்பே "அவசரப் பிரிவில் இந்தத் திகதி நெஞ்சு நோவோடு பார்க்கப்பட்டார், இன்ன மருந்து கொடுத்தார்கள், கால் வீங்கியிருந்தது, அண்மையில் நீண்ட விமானப் பயணம் செய்தார்" என்பதுபோல நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதி, இதை நோயியல் நிபுணரிடம் கொடுங்கள் என்று ஒஃபிசருக்கு அனுப்புவது. அந்த நிபுணருக்கு எது சொல்லப்படுகிறதோ, அதைத்தான் அவர் குறிப்பாகத் தேடுவார்.

பரிசோதனையில் இழைய மாதிரிகள் எடுத்தால் குடும்பத்துக்கு அறிவிப்பார்கள். பிறகு அவற்றை என்ன செய்வது என்று கேட்டுப் படிவம் வரும்: திருப்பித் தரலாம், அவர்களே முறைப்படி அகற்றலாம், சம்மதித்தால் ஆராய்ச்சிக்கு வைக்கலாம். சாதாரணமாக இவை கண்ணாடித் தகட்டிலும் மெழுகுக் கட்டியிலும் உள்ள சிறு துண்டுகள். முழு உறுப்பு, குறிப்பாக இதயமோ மூளையோ, மேலதிகப் பரிசோதனைக்கு வைக்கப்படுகிறதா என்று நேராகக் கேளுங்கள். வைக்கப்படுகிறது என்றால், அது திரும்பும்வரை தகனத்தைத் தள்ளுவதா, இல்லாமல் நடத்துவதா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். தகனம் முடிந்தபின் தெரியவந்தால் அந்த மனவேதனை வேறு.

தென்மராட்சியான்

நன்றி இருவருக்கும். இதய மாதிரி பற்றி இன்று கேட்கச் சொல்கிறேன். உடல் விடுவிப்பும் சான்றிதழும் எப்படி? செத்தவீட்டு ஏற்பாடுகளைச் செய்கிற ஃபியூனரல் டிரெக்டர் "திகதி எடுங்கள், மண்டபம் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறார்.

கீரிமலை

கொரோனர் விடுவித்துவிட்டேன் என்று சொல்லும்வரை மண்டபத்துக்கும் குருக்களுக்கும் முற்பணம் கட்ட வேண்டாம். விடுவித்தது என்பதை ஒஃபிசரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, வீட்டிலிருந்து உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோன நிறுவனம் கொரோனருக்காக வந்தது. அந்தப் பயணத்துக்குக் குடும்பம் பணம் கட்டத் தேவையில்லை. செத்தவீட்டையும் அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

போஸ்ட்மோட்டம் முடிந்து வேறு பரிசோதனைக்கு உடல் தேவைப்படாவிட்டால் விடுவித்துவிடுவார்கள். ஆய்வுகூட முடிவு வரவோ, இன்குவெஸ்ட் என்ற முறையான மரண விசாரணை முடியவோ காத்திருக்க மாட்டார்கள். இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 28 நாளுக்குள் விடுவிக்க முடியாவிட்டால் காரணத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. கொலைச் சந்தேகம் இல்லாத மரணத்தில் அவ்வளவு நாள் போவது அபூர்வம். தகனத்துக்குக் கொரோனரே "கிரிமேஷன் 6" என்ற படிவம் கொடுப்பார், அது நேரே ஃபியூனரல் டிரெக்டருக்கோ தகனசாலைக்கோ போகும். ஆகவே 31ஆம் நாள் அந்தியேட்டிக்குள் தகனம் முடிய வாய்ப்பு நிறையவே இருக்கிறது. அவசரத்துக்குச் சமயக் காரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். "வந்த வரிசைப்படிதான், யாருக்கும் முன்னுரிமை இல்லை" என்ற ஒரு லண்டன் கொரோனரின் நடைமுறையை 2018இல் உயர்நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. முன்னுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்பதல்ல அதன் பொருள். கேட்டால் பரிசீலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடலைப் பார்வைக்கு வைப்பதாக இருந்தால், முழுப் போஸ்ட்மோட்டத்தின் தையல் தலையின் பின்பக்கத்திலும் மார்பிலும் இருக்கும். வேட்டி சால்வையில் அது தெரியாது. குளிப்பாட்ட, சுண்ணம் இட, யாராவது உடலைத் தொட வேண்டுமென்றால் ஃபியூனரல் டிரெக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, தையல் கசியாமல் மூடித்தரச் சொல்லுங்கள்.

சான்றிதழ் விடயம்: போஸ்ட்மோட்டத்தில் இயற்கை மரணம் என்று தெளிவாகி, வேறு கேள்வி இல்லையென்றால் கொரோனர் விசாரணையை நிறுத்திப் பதிவாளருக்கு அறிவிப்பார். குடும்பம் போய் வழமைபோலப் பதியலாம். இன்குவெஸ்ட் திறக்கப்பட்டால் அது முடியும்வரை இறப்பைப் பதிய முடியாது. அதற்குப் பதிலாக இடைக்காலச் சான்றிதழ் ஒன்று கொரோனர் அலுவலகம் இலவசமாகத் தரும். கேட்டால்தான் பல இடங்களில் அனுப்புவார்கள். மூன்று நான்கு பிரதி கேட்டு வாங்குங்கள். வங்கி, ஓய்வூதியம், புரோபேட் (இறந்தவரின் சொத்தைக் கையாளும் அனுமதி) விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஆயுள் காப்புறுதி நிறுவனம் மட்டும் சில வேளை இறுதி முடிவு வரும்வரை காசைப் பிடித்துவைக்கும். இன்குவெஸ்ட் முடிந்தபின் பதிவை அவர்களே செய்துகொள்வார்கள், குடும்பம் பதிவாளரிடம் போக வேண்டியதில்லை. பிரதிகளைத்தான் காசு கட்டி எடுக்க வேண்டும்.

வெள்ளவத்தை_மாலை

இடையில் ஒன்று. கணவரை இழந்த மனைவி ஓய்வூதிய வயதுக்குக் குறைந்தவர் என்றால், அரசாங்கத்தின் "பெரீவ்மெண்ட் சப்போர்ட் பேமெண்ட்" இருக்கிறது. கணவர் தேசியக் காப்புறுதி போதியளவு கட்டியிருக்க வேண்டும். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரச உதவிப்பணம்) வாங்குகிற குடும்பத்துக்கு முதலில் 3,500 பவுண்டும், பிறகு 18 மாதம்வரை மாதம் 350 பவுண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் 2,500உம் மாதம் 100உம். முழுத் தொகையும் வேண்டுமென்றால் இறந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "இறுதிச் சான்றிதழ் வரட்டும்" என்று காத்திருக்கிற குடும்பங்கள் மாதாமாதம் காசை இழக்கின்றன. இடைக்காலச் சான்றிதழோடு போட்டுவிடுங்கள்.

உடலை யாழ்ப்பாணம் கொண்டுபோகும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே ஒஃபிசரிடம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தை விட்டு உடலை வெளியே எடுக்கக் கொரோனருக்குத் தனி அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதிலிருந்து முழுதாக நான்கு நாள் கழிய வேண்டும். கொரோனர் விரும்பினால் அதற்கு முன் அனுமதிக்கலாம். சாம்பலைக் கொண்டுபோக இந்த அனுமதி தேவையில்லை.

வழக்கேடு

வைத்தியசாலைக் கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

இன்குவெஸ்டில் நான்கு கேள்விக்குத்தான் பதில்: இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி. பெயர் குறிப்பிட்டு ஒருவரைக் குற்றவாளி என்றோ, நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்றோ கொரோனர் சொல்லக் கூடாதென்று சட்டமே தடுக்கிறது. எனவே "டொக்டருக்குத் தண்டனை வாங்கித் தருவார்" என்று எதிர்பார்த்துப் போனால் வெறுங்கையோடுதான் வரவேண்டும். ஆனால் "எப்படி" என்ற நாலாவது கேள்விக்குள் நிறைய அடங்கும். அன்று ஈ.சி.ஜி. எடுத்தார்களா, இரத்தப் பரிசோதனையில் ட்ரொபோனின் (இதயத் தசைப் பாதிப்பைக் காட்டுவது) எத்தனை முறை பார்த்தார்கள், முடிவு வருமுன் அனுப்பினார்களா, மூத்த வைத்தியர் பார்த்தாரா: இவ்வளவையும் சத்தியம் செய்த சாட்சியிடம் கேட்க முடிகிற இடம் அது. முடிவில் இயற்கை மரணம், விபத்து போன்ற குறுஞ்சொல்லும் வரலாம், நடந்ததை விபரிக்கிற பந்தியும் வரலாம். அடிப்படை வைத்தியக் கவனிப்பையே கொடுக்காத பாரதூரமான தவறு இருந்து, அது மரணத்துக்கும் காரணமாகியிருந்தால் "நெக்லெக்ட்", அதாவது புறக்கணிப்பு, என்ற சொல்லைச் சேர்க்கலாம். அதற்கான வரம்பு மிக உயரம். நோயை அடையாளம் காண்பதில் நடந்த சாதாரணத் தவறு அதைத் தாண்டாது.

இன்குவெஸ்ட் நடக்குமா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை, அதனால்தான் வேகம் வேண்டும். "இதயநோய், இயற்கை" என்று போஸ்ட்மோட்டத்தில் வந்து, வைத்தியசாலை பற்றிக் குடும்பம் எதுவும் எழுதாமல் இருந்தால், கோப்பு மூடப்படும். கவலைகளைப் போஸ்ட்மோட்ட முடிவுக்கு முன்பே எழுத்தில் கொடுத்தால், இந்த இயற்கை நோயை வைத்தியசாலை தவறவிட்டதா என்று கொரோனர் யோசிக்க வேண்டி வரும். ஆட்களைத் திட்டி எழுத வேண்டாம். திகதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த கடிதத்தின் பிரதி, இவை போதும்.

அந்தக் கடிதத்தையும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்தி ஏதும் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். வைத்தியசாலை உள்ளக விசாரணை செய்கிறதா என்று கேட்டு, அதன் அறிக்கையைக் கொரோனர் வழியாகக் கேளுங்கள். இன்குவெஸ்டுக்கு முன்பும் நடக்கும்போதும் அக்கறையுள்ள தரப்பினர் கேட்கிற ஆவணங்களுக்குக் கொரோனர் கட்டணம் அறவிடக் கூடாது. கேட்காவிட்டால் வராது. "போஸ்ட்மோட்ட அறிக்கை, சாட்சிகளின் கூற்றுகள், மருத்துவக் குறிப்புகள், உள்ளக அறிக்கை ஆகியவற்றைக் கோருகிறேன்" என்ற ஒரு வரி போதும்.

சாட்சிப் பட்டியல் வந்ததும் "ரூல் 23" என்ற குறிப்பைத் தேடுங்கள். அதன் பொருள், அந்தச் சாட்சி நேரில் வரமாட்டார், கூற்றை வாசிப்பதோடு சரி. அவசரப் பிரிவில் பார்த்த வைத்தியரின் பெயருக்குப் பக்கத்தில் அது இருந்தால் உடனே ஆட்சேபியுங்கள். எதை மறுக்கிறோம், எதைக் கேட்க வேண்டும் என்று காரணத்தோடு எழுத வேண்டும். விசாரணை நாளன்று மண்டபத்தில் எழுந்து "அவர் எங்கே" என்று கேட்டால் காலம் கடந்துவிட்டது. இதேபோல, 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சில இன்குவெஸ்டுகளை விசாரணை அமர்வே இல்லாமல் ஆவணத்தில் முடிக்கலாம். குடும்பம் நியாயமான காரணத்தோடு எதிர்த்தால் அமர்வு வைக்க வேண்டும். "சம்மதமா" என்று வருகிற கடிதத்துக்கு யோசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

காலம்: ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, "இயன்றவரை" என்ற வாலும் அதோடு இருக்கிறது. ஒரு வருடம் தாண்டினால் பிரதான கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் வைத்தியசாலை சம்பந்தப்பட்டவை தாமதமாகும். இந்தத் தாமதம் வேறு கடிகாரங்களை நிறுத்தாது. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக மரணத்திலிருந்து மூன்று ஆண்டு, மனித உரிமைச் சட்டத்தின் கீழ் என்றால் ஒரே ஆண்டு, தேசிய சுகாதார சேவை மீதான முறைப்பாட்டுக்கு 12 மாதம். இன்குவெஸ்ட் முடிவைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்து வழக்கை இழந்தவர்கள் உண்டு.

தென்மராட்சியான்

சட்டத்தரணி கட்டாயமா? அரச உதவி கிடைக்குமா? அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவு போதாது.

வழக்கேடு

கட்டாயமில்லை, குடும்பமே கேள்வி கேட்கலாம். ஆனால் வைத்தியசாலை சட்டத்தரணியோடு வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அரச சட்ட உதவி அமர்வில் வாதாடுவதற்குச் சாதாரணமாகக் கிடைக்காது. அரசின் கடமை மீறல் எழுகிற அல்லது பரந்த பொதுநலன் உள்ள மரணங்களுக்கு விசேட நிதி உண்டு, 2022 ஜனவரியிலிருந்து அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. வழமையான வைத்தியத் தவறு அதற்குள் அடங்குவது கடினம். மருத்துவ வழக்கு எடுக்கிற சில சட்டத்தரணிகள், நட்டஈட்டுக்கு வாய்ப்பிருந்தால், வென்றால்தான் கட்டணம் என்ற அடிப்படையில் இன்குவெஸ்டுக்கும் வருவார்கள். "ஏ.வி.எம்.ஏ." என்ற தொண்டு நிறுவனம் வைத்தியத் தவறு சம்பந்தமான இன்குவெஸ்டுகளுக்கு இலவச ஆலோசனை தரும், அங்கே முதலில் எடுங்கள். நீதிமன்றத்தில் பக்கத்தில் இருந்து உதவ "கொரோனர்ஸ் கோர்ட்ஸ் சப்போர்ட் சேர்விஸ்" என்ற தொண்டர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை இப்போதே ஒஃபிசருக்கு எழுதுங்கள், எந்த நாட்டுத் தமிழ் என்பதையும் சேர்த்து. அக்கா சாட்சி சொல்ல வேண்டி வந்தால் மகன் மொழிபெயர்ப்பதை ஏற்க மாட்டார்கள். அவருடைய கூற்றை அவர் தமிழில் சொல்லி, சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டிய பின் ஒப்பமிடட்டும்.

கேள்வி கேட்கும்போது: ஒரு கேள்வியில் ஒரு விடயம். "நீங்கள்தானே கொன்றீர்கள்" என்பதைக் கொரோனர் நிறுத்திவிடுவார். "இரவு 9.40க்கு எடுத்த இரத்தத்தின் முடிவு எத்தனை மணிக்கு வந்தது, அதை யார் பார்த்தார்?" என்பதை நிறுத்த முடியாது. நேரங்களை மருத்துவக் குறிப்பிலிருந்து எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்.

பன்னாடை

ஒரு சேர்ப்பு. இதே தவறு இன்னொருவருக்கும் நடக்கலாம் என்று கொரோனருக்குத் தோன்றினால், எதிர்கால மரணங்களைத் தடுக்கும் அறிக்கை ஒன்றை வைத்தியசாலைக்கு எழுத வேண்டியது அவருடைய கடமை. 56 நாளுக்குள் அவர்கள் பதில் எழுத வேண்டும். அறிக்கை நீதித்துறை இணையத்தளத்தில் வெளியாகும். "இதன்பிறகு நடைமுறையை மாற்றிவிட்டோம்" என்று வைத்தியசாலை சொன்னால் அந்த அறிக்கை வராமலும் போகலாம். எனவே மாற்றினார்கள் என்றால் எப்போது, எந்த ஆவணத்தில், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்து என்று குடும்பம் கேட்க வேண்டும்.

விசாரணை பொது அமர்வு, பத்திரிகையாளர் வரலாம். நீதிமன்றம் ஒலிப்பதிவு செய்யும், பிறகு பிரதி கேட்கலாம். உறவினர் யாரும் கைத்தொலைபேசியில் பதிவு செய்யவோ படமெடுக்கவோ கூடாது, அது நீதிமன்ற அவமதிப்பு. வீடியோ இணைப்பில் வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் இதுவே.

தென்மராட்சியான்

எல்லாருக்கும் நன்றி. ஸ்கேன் வேண்டாம், முழுப் பரிசோதனையே நடக்கட்டும் என்று அக்கா முடிவெடுத்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலை தந்த கடிதத்தோடு அரைப் பக்கக் குறிப்பு இன்று பின்னேரம் ஒஃபிசருக்குப் போகிறது. அதில் கதைக்க வேண்டியவர் என்று இறந்தவரின் தங்கச்சியின் மகனைப் போட்டிருக்கிறோம்.